இருபத்தெட்டரை மணிக்குத் திறந்த வாசல்

மார்கழி பிறந்துவிட்டால் கோலார் தங்க வயலில் காலை விரைந்து வருவதில்லை. கிழக்கு வெளுத்த பிறகும் பனி எழுந்து வழிவிட மனமின்றிக் கிடக்கும். பொன்னைப் பிரித்தெடுத்தபின் கொட்டிய மண் குவிந்து மலையாகி நிற்கும் சயனைடு மேடுகள், அந்தப் பனியைப் போர்த்துக்கொண்டு, துயிலெழுப்ப இன்னும் யாரும் பாடவில்லையே என்று காத்திருக்கும் யானைகளைப் போலப் படுத்திருக்கும். தொழிலாளர் லைன்களின் வாசல்தோறும் சாணம் தெளித்த ஈரத்தில் கோலம் வெளுக்கும். கோலத்தின் நடுவே பூசணிப்பூ மலரும். எங்கோ ஒரு வீட்டில் திரியைத் தூண்டும் கை தெரியும். எங்கோ ஒரு குரல் தூக்கம் கலையாத தொண்டையைச் செருமிக்கொண்டு முதல் அடியை எடுக்கும். சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாஃப்டின் சங்கு ஊதி அடங்கியபின் எஞ்சும் அமைதியில், மண்ணுக்குள் இறங்குபவனும் விளக்கின்முன் நிற்பவளும் ஒரே திருநாமத்தைச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். தேவர்களுக்கு இது விடியற்பொழுது என்பர் பெரியோர். இப்பொழுதில் மனிதர் வாய் திறந்தால் அது துதிப்பதற்காக மட்டுமே இருக்கவேண்டும்.

ஆனால் கமிட்டி என்று ஒன்று அமைந்துவிட்டால் அதற்கு மாதமும் தெரியாது, பொழுதும் தெரியாது.

இரண்டாயிரமாம் ஆண்டின் மார்கழி அது. கோரமண்டல், பாலகாட் என்னும் இரு சுரங்கக் குடியிருப்புகளுக்கு இடையே, சுரங்கத் தொழிலாளர் கைப்பொருள் இட்டுக் கட்டிய சிறிய பெருமாள் கோயில் ஒன்று. அதன் கமிட்டித் தலைவர் முனிரத்தினம் ஓய்வுபெற்ற ஃபோர்மேன். வலத்தோளில் மடித்த சரிகைச் சால்வை இல்லாமல் அவரைக் கண்டவர் ஊரில் எவருமில்லை. முதல் சனிக்கிழமை பஜனை முடிந்ததும் அவர் ஒரு தாளை விரித்து, வைகுண்ட ஏகாதசிக்கான ஏற்பாடுகளை வாசித்தார்.

“போன ஏகாதசிக்கு டோக்கன் வாங்கி வரிசையில நின்னவங்க அறுநூறு பேரு. பாட்டு ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி வந்தவங்க சராசரியா காத்திருந்தது ஒம்பது நிமிஷம். பாட்டு ஆரம்பிச்ச பின்னாடி வந்தவங்க காத்திருந்தது எழுபத்தோரு நிமிஷம். இதுல இன்னா தெரியுது? பாட்டு வந்து வரிசையைப் புடிச்சி நிறுத்துது. இது நான் சொல்லல, கம்ப்யூட்டர் சொல்லுது. அதனால இந்த வருஷம் பெண்கள் கோஷ்டி மண்டபத்துல வேணாம். செருப்பு ஷெட்டாண்ட பெஞ்சு போட்டுத் தர்றோம். அங்க நின்னு பாடட்டும்.”

மண்டபத்தில் ஊசி விழுந்தால் கேட்டிருக்கும். விழுந்தது ஊசியன்று, மங்களத்தின் கைத்தாளம். ஓய்வுபெற்ற தமிழாசிரியையும் கோஷ்டியின் தலைக்குரலுமான அவள் அதைக் குனிந்து எடுத்தாள்.

“ஒம்பது நிமிஷமா? ராத்திரி பத்து மணிக்கு மொத ஆளா வந்து நின்னேன் நானு. நாலரைக்குத்தான் கதவே தொறந்தீங்க. என் கால் வீங்கினது ஒம்பது நிமிஷத்துலயா?”

“அது சராசரிம்மா. பெருமாள் சந்நிதியில நேரம் போறதே தெரியாது. அதான் கம்மியா காட்டுது.”

பின்வரிசையில் நின்றிருந்த குணசுந்தரி உதட்டைக் கடித்துக்கொண்டாள். அவள் மங்களத்தின் மருமகள். ரசத்துக்குப் புளி எவ்வளவு என்பது தொடங்கி, திண்டுக்கு உறை எப்போது மாற்றுவது என்பது வரை இருவரும் ஆண்டு முழுவதும் ஒத்துப்போனதில்லை. ஆனால் மணமாகி வந்த பதினோராண்டுகளாக, ஏகாதசி விடியலில், அந்த மண்டபத்தின் மூன்றாம் தூணருகே, ஒரே சுருதியில் நின்றிருக்கிறார்கள். கதவு திறக்கும் கணத்தில் பாட்டு உள்ளே புகுந்து பெருமாளின் திருமுகத்தைத் தொட்டுத் திரும்பும் இடம் அது. செருப்பு ஷெட்டிலிருந்து பாடினால் பாட்டு செருப்பைத்தான் தொடும்.

வீடு திரும்பும் வழியில் மங்களம் ஒரு சொல்லும் பேசவில்லை. மருமகளுக்கு அதுதான் அச்சமூட்டியது. மாமியார் திட்டினால் மழை, பேசாவிட்டால் பஞ்சம்.

“அத்தே, அந்தக் கம்ப்யூட்டர் யாருதுன்னு எனக்குத் தெரியும்,” என்றாள் குணசுந்தரி.

“யாருது?”

“எங்க ஆபீஸ் பையனுது.”

கனரக இயந்திரத் தொழிற்சாலையின் கணினிப் பிரிவில் குணசுந்தரி மூத்தவள். விநாயக் அவளுக்குக் கீழே புதிதாய்ச் சேர்ந்தவன். பெங்களூரில் பயிற்சி வகுப்புக்குப் போய்வந்ததால் நடையிலேயே ஓர் ஆங்கிலம் இருக்கும். கமிட்டி கேட்டதும் உற்சாகமாக ஒரு கணினி நிரல் எழுதிக் கொடுத்திருந்தான். திங்கட்கிழமை காலை, தேநீர் வருமுன், குணசுந்தரி அதைத் திறந்து படித்தாள்.

“இன்னாப்பா இது, பதினோரு தடவை சராசரி போட்டிருக்கே?”

“பதினோரு குரூப் மேடம். ஆம்பளைங்க, பொம்பளைங்க, பாட்டுக்கு முன்னாடி, பாட்டுக்குப் பின்னாடி, இப்படி. ஒண்ணு எழுதினேன், மிச்சத்த காப்பி பண்ணிட்டேன். ஃபாஸ்டா முடிஞ்சிது.”

“நாலாவது குரூப்பை முன்னூத்திப் பத்தால வகுக்கறே, சரி. ஏழாவதையும் ஏன் முன்னூத்திப் பத்தால வகுக்கறே? அதுல கீறவங்க பதினெட்டு பேருதானே?”

விநாயக் திரையைக் குனிந்து பார்த்தான். “காப்பி பண்றப்போ மாத்த மறந்துட்டேன் மேடம்.”

“அப்போ பதினெட்டு பேருக்கு வந்த பொங்கலை முன்னூறு பேருக்குப் பங்கு போட்டுட்டே.”

யாப்பறிந்த மாமியாரோடு ஒரே கூரையின்கீழ் வாழ்ந்ததில் குணசுந்தரிக்கு ஒரு நன்மை விளைந்திருந்தது. தேமா என்பது ஒரு வாய்பாடு. நேரசை இரண்டு சேர்ந்து வரும் எந்தச் சொல்லும் அதற்குள் வந்து அமரலாம். கண்ணன் என்றாலும் அமரும், கஞ்சி என்றாலும் அமரும். வாய்பாடு யாருக்காகவும் எழுந்து நிற்பதுமில்லை, முகம் சுளிப்பதுமில்லை. கண்ணனுக்கென்று ஓர் இலக்கணம், கஞ்சிக்கென்று ஓர் இலக்கணம் எனப் பழம்புலவர் தனித்தனியே எழுதிக்கொண்டிருந்தால் தமிழில் இதுவரை ஒரு வெண்பாகூட முடிந்திராது. விநாயக்கோ சொல்லுக்கொரு வாய்பாடு எழுதி வைத்திருந்தான்.

அவள் ஒரு புதிய கோப்பைத் திறந்தாள். அதில் நான்கே நான்கு செயல்கூறுகள். முதலாவது, வந்த நேரத்தையும் வெளியேறிய நேரத்தையும் கொடுத்தால் காத்திருந்த நிமிடத்தைச் சொல்லும். இரண்டாவது, எந்தப் பட்டியலைக் கொடுத்தாலும் சராசரி சொல்லும். எத்தனை பேர் என்பதைத் தானே எண்ணிக்கொள்ளும். மூன்றாவது, பட்டியலைச் சிறியது முதல் பெரியது வரை நிறுத்தி நடுவில் நிற்பவரைக் காட்டும். நான்காவது, அவரவர் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறி நிற்கிறார்கள் என்று சொல்லும். பட்டியல் யாருடையது என்று எதுவும் கேட்காது. பட்டியலில் ஆளே இல்லையென்றால் சுழியத்தால் வகுத்து மயங்கி விழாமல், ஆங்கில எழுத்தில் ‘yaarumillai’ என்று அடக்கமாகச் சொல்லிவிடும்.

“அரிசிக்கு ஒரு படி, உளுந்துக்கு ஒரு படி வெச்சிருக்கிறவனை இன்னான்னு சொல்வாங்க?” என்று அவள் விநாயக்கைக் கேட்டாள்.

“வியாபாரி?”

“திருடன். படி ஒண்ணுதான் இருக்கணும். அதுவும் அடியில ஓட்டை இல்லையான்னு மொதல்ல பார்த்துக்கணும்.”

அவள் இரண்டு, நான்கு, ஒன்பது என்று மூன்று எண்களைக் கொடுத்தாள். சராசரி ஐந்து வந்தது. நடு நான்கு வந்தது. விரலில் எண்ணிச் சரிபார்த்தாள். வெற்றுப் பட்டியலைக் கொடுத்தாள், யாருமில்லை என்றது. அதன் பிறகு ஒரு காவல் வைத்தாள்: வருமுன் வெளியேறுவது மானிடர்க்கு இயலாது; அவ்வாறு எவரேனும் வெளியேறியிருந்தால் நின்று கூவு. இவ்வளவும் முடிந்தபின் விநாயக் தட்டச்சு செய்திருந்த சென்ற ஆண்டுப் பட்டியலை உள்ளே விட்டாள்.

நிரல் முதல் ஆளிடமே நின்று கூவியது. டோக்கன் ஒன்று, காத்திருந்த நேரம், கழித்தல் ஆயிரம் நிமிடம்.

அன்று மாலை அவள் அடுக்களை வாசலில் நின்று சொன்னாள்: “அத்தே, போன ஏகாதசிக்கு நீங்க வரிசையில வந்து நிக்கிறதுக்குப் பதினாறு மணி நாப்பது நிமிஷம் முன்னாடியே பெருமாளைச் சேவிச்சிட்டு வெளிய வந்துட்டீங்களாம். கம்ப்யூட்டர் சொல்லுது.”

மங்களம் கரண்டியை நிறுத்தினாள். வியப்பு என்று ஒன்றும் அந்த முகத்தில் தெரியவில்லை. “எனக்கு அப்பவே தெரியும். அவன் என்னை முன்னாடியே கூப்டுட்டான்னு,” என்று சொல்லிவிட்டு மறுபடி கிண்டத் தொடங்கினாள்.

மறுநாள் குணசுந்தரி விநாயக்கையும் இழுத்துக்கொண்டு கிருஷ்ணப்பாவிடம் போனாள். அவர் ஷாஃப்டு வாயிலில் நேரக் காப்பாளர். கூண்டில் இறங்குகிறவன் தன் பித்தளை டோக்கனை அவரிடம் பெற்றுக்கொண்டு இறங்குவான். ஏறிவந்ததும் திருப்பிக் கொடுப்பான். பலகையில் எல்லாக் கொக்கியும் நிரம்பும் வரை அவர் இருக்கையை விட்டு எழமாட்டார். ஏகாதசி இரவில் கோயில் வாசலிலும் அதே வேலையை அவருக்குக் கொடுத்திருந்தார்கள். டோக்கன், பலகை, நோட்டு எல்லாம் அதேமாதிரிதான். வேறுபாடு ஒன்றே: இங்கே ஆட்கள் கீழே போகாமல் வைகுண்டத்துக்குப் போனார்கள்.

நோட்டைப் பிரித்துப் பார்த்தாள். டோக்கன் ஒன்று: வந்தது இருபத்திரண்டு மணி. வெளியேறியது இருபத்தொன்பது மணி இருபது நிமிடம்.

விநாயக் மெல்லச் சொன்னான்: “இருபத்தெட்டு, இருபத்தொம்பதுன்னு ஒரு மணியே கிடையாதில்ல மேடம். பெரியவர் தூக்கக் கலக்கத்துல எழுதிட்டார்னு நினைச்சேன். நாலு, அஞ்சுன்னு கரெக்ட் பண்ணிட்டேன்.”

கிருஷ்ணப்பா கண்ணாடியைக் கழற்றினார். “யாவனம்மா இவன்? என் கடியாரத்தைத் திருத்தினவன்?”

“கம்ப்யூட்டர் பையன்ணா.”

“கேளுப்பா. ஆளு மேல வர்ற வரைக்கும் அவனுக்கு நாள் முடியாது. ராத்திரி பத்துக்கு எறங்கினவன் காலைல ஆறுக்கு ஏறினா என் புக்குல அது முப்பது மணி. நடுவுல பன்னெண்டு அடிச்சா அது ஊருக்குத்தான் பன்னெண்டு. கீழ கீறவனுக்கு இன்னா பன்னெண்டு? முப்பத்தோரு வருஷமா தூங்காம ஒக்காந்து எழுதறேன். தூக்கக் கலக்கமாம்!”

விநாயக்குக்குக் காது சிவந்தது. “சாரி சார்.”

“சாரை விடு. கோயில் வாசலும் ஷாஃப்டுதான். உள்ள போனவன் வெளிய வந்தாத்தான் எனக்கு நிம்மதி.”

நள்ளிரவுக்குமுன் வந்த நாற்பது பேருக்கும் விநாயக்கின் திருத்தத்தால் காலம் பின்னோக்கி ஓடியிருந்தது. அந்த நாற்பது பேரின் எதிர்மறை நேரம், அவர்களுக்குப்பின் வந்து உண்மையாகவே மூன்று மணி நேரம் நின்ற இருநூற்றைம்பது பேரின் கால்வலியைத் தின்று தீர்த்து, ஒன்பது நிமிடம் என்று ஏப்பம் விட்டிருக்கிறது. மணியைத் திரும்ப இருபத்தெட்டாக்கிப் பார்த்தபோது சராசரி இருநூற்றெட்டு நிமிடம்.

“மேடம்! அப்போ பாட்டுக்கு முன்னாடி வந்தவங்க இருநூத்தி எட்டு, பின்னாடி வந்தவங்க எழுபத்தொண்ணு. பாட்டு வந்தா வெயிட்டிங் குறையுதுன்னு சொல்லிடலாமே!”

குணசுந்தரிக்கும் ஒரு கணம் ஆசையாகத்தான் இருந்தது. வாயில் வந்து விழுந்த லட்டு அது. ஆனால் துளசி மாலை போட்ட கழுத்தோடு பொய்யை விழுங்கினால் தொண்டையில் நிற்கும்.

“கதவு தொறக்கறதே நாலரைக்கு. முன்னாடி வந்தவன் அதிகம் நிக்கத்தான் செய்வான். இதை வெச்சிப் பாட்டைத் திட்டவும் முடியாது, புகழவும் முடியாது. பாட்டு இருந்தா இன்னா ஆகும், இல்லேன்னா இன்னா ஆகும், ரெண்டையும் நடத்திப் பார்த்தாத்தான் தெரியும்.”

“ரெண்டு ஏகாதசியா நடத்த முடியும்?”

“ஆமைங்களை வெச்சி நடத்தலாம்.”

பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லித்தர வெளிநாட்டில் உண்டாக்கிய நிரல்மொழி ஒன்றை அவள் பெங்களூரிலிருந்து நான்கு ஃப்ளாப்பிகளில் கொண்டுவந்து வைத்திருந்தாள். திரையில் நடமாடும் ஒவ்வொரு புள்ளிக்கும் அதில் ஆமை என்றே பெயர். வரிசைக்கென்று தனியே ஒரு மூளை அதில் கிடையாது. ஒவ்வோர் ஆமைக்கும் தன்தன் புத்தி உண்டு. முன்னே இடமிருந்தால் நகரும், இல்லாவிட்டால் நிற்கும், பொறுமை தீர்ந்தால் இடிக்கும். அறுநூறு சிறு புத்திகள் சேர்ந்தால் வரிசை என்ற ஒரு பெரும் புத்தி தானே பிறக்கும். பெரும்பாலும் பெரும் புத்தியின்மை பிறக்கும்.

எந்த ஆமை எப்போது இடிக்கும் என்பதை அவள் கற்பனையில் எடுக்கவில்லை. கிருஷ்ணப்பாவின் நோட்டில் ஓரக்குறிப்புகள் இருந்தன. பாடும்போது நிமிடத்துக்கு நான்கு பேர் வெளியே வந்திருக்கிறார்கள். பாடுகிறவர்கள் தொண்டை நனைக்க நிறுத்திய இரு இடைவெளிகளிலும் ‘தள்ளுமுள்ளு, கயிறு கட்டியது’ என்று எழுதியிருந்தார். இன்னொரு குறியும் இருந்தது: பெருக்கல் குறி, இருபத்துமூன்று இடங்களில்.

“இது இன்னாண்ணா?”

கிருஷ்ணப்பா பலகையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “டோக்கன் இல்லாம ஒருத்தரு அஞ்சாறு பேரைக் கூட்டிக்கினு பக்கவாசல்ல போனது. ஒவ்வொரு தடவையும் மெயின் லைன் நாலு நிமிஷம் நின்னுது. ஷாஃப்டுல டோக்கன் இல்லாதவன் ஏறினா கூண்டையே நிறுத்திடுவேன். இங்க நிறுத்த முடியுமா? பேரு எழுதல. குறி மட்டும் போட்டேன்.”

“நீங்க எத்தனை மணிக்குச் சேவிச்சீங்க?”

“நான் எங்க சேவிச்சேன்? எட்டரைக்குக் கடைசி ஆளு வெளிய வந்தான், எட்டரைக்குத் திரை போட்டுட்டாங்க. வருஷா வருஷம் அப்படித்தான்.” அதைச் சொல்லும்போது அவர் குரலில் குறை ஏதும் இல்லை, மழை பெய்தது என்பதுபோலச் சொன்னார்.

ஏகாதசிக்கு எட்டு நாள் இருக்கையில், ஞாயிறு மாலை, கமிட்டி கூடியது. ஆட்டோவில் மானிட்டரை மடியில் குழந்தைபோல் வைத்துக்கொண்டு விநாயக் வந்தான். கணினிக்கு மங்களம் குங்குமம் இட்டாள். உறுப்பினர் ராஜப்பா எலுமிச்சம்பழம் ஒன்றை அதன் தலையில் வைத்து, அது உருண்டு விழ, மறுபடி வைத்தார்.

“இந்தப் புள்ளிங்கதான் ஜனங்க. இதுக்குப் பேரு ஆமை,” என்று தொடங்கினாள் குணசுந்தரி.

“ஆமையா?” முனிரத்தினத்தின் சால்வை எழுந்தது. “ஆமை புகுந்த வீடு வெளங்காதுன்னு பெரியவங்க சொல்லியிருக்காங்க. கோயிலுக்குள்ள அறுநூறு ஆமையைக் கொண்டாந்து உடறியே, இன்னாம்மா இது?”

மங்களம் தாளத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: “பெருமாளே ஒரு தடவை ஆமையாத்தான் வந்தான். மலையையே முதுகுல தாங்கினான். அவன் புகுந்த வீடு வெளங்கலையா?”

ராஜப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டார். மற்றவர்களும் போட்டுக்கொண்டார்கள். தலைவரும் வேறு வழியின்றிப் போட்டுக்கொண்டார்.

முதலில் விநாயக் எழுந்து, இருபத்தெட்டு மணியைத் தான் திருத்திய கதையை ஒளிக்காமல் சொன்னான். ஒன்பது நிமிடம் செத்தது. அதன்பின் குணசுந்தரி சென்ற ஆண்டு நடந்தபடியே ஆமைகளை நடத்தினாள். கடைசி ஆமை எட்டு மணி இருபத்தெட்டு நிமிடத்துக்கு வெளியே வந்தது. நோட்டில் கடைசி மனிதன் எட்டரை.

“ஆளுங்களை அளந்த அதே படியாலதான் ஆமைங்களையும் அளந்திருக்கேன். ரெண்டும் ஒத்துப்போகுது. இப்ப நீங்க சொல்ற மாதிரி பாட்டை எடுத்துடறேன்.”

ஒரு விசையைத் தட்டினாள். ஆமைகள் சற்று நேரம் ஒழுங்காக நின்றன. பிறகு ஒன்று இடித்தது. இடிபட்டது முன்னதை இடித்தது. வாசலருகே ஒரு கருந்திரள் கட்டியாகத் தேங்கியது. சராசரி ஏறியது, நடு ஏறியது, சிதறலோ ஒன்றுக்கு இரண்டாயிற்று. கடைசி ஆமை ஒன்பது மணி நாற்பதுக்கு வந்தது.

“திரை எட்டரைக்கு,” என்றார் ராஜப்பா கவலையோடு. “அப்போ பின்னாடி கீற ஆமைங்களுக்கு சேவை?”

“கெடையாதுங்க.”

முனிரத்தினம் திரையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆமைகளெல்லாம் பச்சை. ஒன்று மட்டும் சிவப்பு. அது பக்கவாசலால் நுழைந்தது. பின்னால் ஐந்தாறு சிவப்புக் குஞ்சுகள். வெளியே வந்தது. மறுபடி வேறு ஐந்தாறுடன் நுழைந்தது. நுழையும்போதெல்லாம் பச்சை வரிசை முழுவதும் அசைவற்று நின்றது.

“அந்தச் சிவப்பு ஆமை யாரு? சும்மா சும்மா உள்ள போவுது, வெளிய வருது?”

ராஜப்பா எலுமிச்சம்பழத்தை மறுபடி நேராக வைத்தார்.

“தெரியாதுங்க,” என்றாள் குணசுந்தரி, பனித்துளிபோன்ற முகத்தோடு. “நோட்டுல பெருக்கல் குறி மட்டும்தான் இருந்திச்சி. நான் எழுதினதுக்கு எண்ணத் தெரியும், பேரு கேக்கத் தெரியாது.”

“அது மேல ஒரு சால்வையைப் போட்டா பேரு தெரிஞ்சிடும்,” என்று ராஜப்பா தன் வேட்டி நுனியைப் பார்த்துச் சொன்னார்.

எங்கோ ஒரு பெண் களுக்கென்றாள். அது இருமலாக மாறுவதற்குள் இன்னும் நால்வர் இருமினர். முனிரத்தினத்தின் காதுமடல் சூடாவது தூரத்திலிருந்தே தெரிந்தது. ஆனால் ஃபோர்மேனாக இருபது வருடம் ஆட்களை மேய்த்தவர் அவர். விழுகிற கூரையின்கீழ் எந்தப் பக்கம் நகரவேண்டும் என்று அறிந்தவர். எழுந்து நின்று, சால்வையைத் தோளிலிருந்து எடுத்து, நான்காக மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

“இந்தச் சிவப்பு ஆமை ரொம்பத் தப்புப் பண்ணுது,” என்று கண்டிப்பான குரலில் சொன்னார். “யாரா இருந்தாலும் சரி. அதைக் கமிட்டி கண்டிக்குது. அந்தப் பக்கவாசலை மூடிப் பாரும்மா, இன்னா ஆகுதுன்னு.”

அவள் பாட்டைத் திரும்ப வைத்து, பக்கவாசலை மூடினாள். பச்சை ஆமைகள் ஓடைநீர்போலச் சென்றன. கடைசி ஆமை ஏழு மணிக்கு வெளியே வந்துவிட்டது. பக்கவாசலில் போனோரின் சராசரியைக் கேட்டபோது திரை அடக்கமாகச் சொன்னது: yaarumillai.

“அப்போ சாவி கிருஷ்ணப்பாகிட்ட,” என்றார் தலைவர். “கோஷ்டி மண்டபத்துலயே நிக்கட்டும். நான் எப்பவும் பாட்டுக்கு எதிரி கெடையாதே!”

“தெரியும், தெரியும்,” என்றாள் மங்களம். வீட்டுக்கு நடக்கையில் மருமகளிடம், “நாளையிலேர்ந்து ரசத்துக்குப் புளி நீயே போடு,” என்றாள். பதினோராண்டில் அவள் அளித்த முதல் பட்டம் அது.

ஏகாதசி வந்தது. பித்தளை டோக்கன்கள் ஒவ்வொன்றாய்க் கொக்கியை விட்டு இறங்கின. முனிரத்தினம் இருநூற்றுப் பன்னிரண்டாம் எண்ணோடு, சால்வையைக் காதைச் சுற்றிக் கட்டிக்கொண்டு நின்றார். அவருக்குப்பின் நின்ற பங்காருப்பேட்டை மைத்துனி, “இன்னா மாமா, உங்க கோயில்ல உங்களுக்கே லைனா?” என்று பத்து நிமிடத்துக்கொரு தடவை கேட்டாள். அவர் ஒவ்வொரு தடவையும், “எல்லாம் சயின்ஸும்மா, உனக்குப் புரியாது,” என்றார்.

கிருஷ்ணப்பாவின் நோட்டுப்படி இருபத்தெட்டரை மணிக்குக் கதவு திறந்தது. மூன்றாம் தூணருகே பதினோரு பெண்கள் நின்று பாடினார்கள். பாட்டு உள்ளே போய், திருமுகத்தைத் தொட்டு, திரும்பி வந்தது. எவரும் எவரையும் இடிக்கவில்லை என்று சொன்னால் அது பொய்யாகும். இடித்தார்கள், ஆனால் சுருதியோடு இடித்தார்கள்.

ஏழு மணிக்குக் கொஞ்சம் பிந்தி, அறுநூறாவது டோக்கன் திரும்பி வந்தது. பாடிக்கொண்டே குணசுந்தரி வாசல் பக்கம் பார்த்தாள். கிருஷ்ணப்பா அந்தப் பித்தளையைத் துண்டால் துடைத்துக் கடைசிக் கொக்கியில் மாட்டினார். பலகை முழுவதையும் ஒரு தரம் கண்ணால் தடவினார். பேனாவை மூடினார். நாற்காலியில் மறுபடி உட்காரப் போனவர், திரை இன்னும் விழவில்லை என்பதைக் கண்டு, என்ன செய்வதென்று தெரியாதவர்போல நின்றார்.

மங்களமும் பார்த்துவிட்டாள். நிறைவுப் பாட்டுக்காக உயர்த்திய தாளத்தை அவள் தாழ்த்தினாள். மருமகளை ஓரக்கண்ணால் நோக்கி, முடிந்துவிட்டிருந்த பாட்டின் முதல் அடியை, மிக மெல்ல, மீண்டும் எடுத்தாள். குணசுந்தரி அதே சுருதியில் சேர்ந்துகொண்டாள். பட்டர் திரும்பிப் பார்த்துவிட்டு, ஆள் தீர்ந்ததென்று முன்னதாகவே திரைபோடப் பிடித்த கயிற்றிலிருந்து கையை எடுத்தார்.

கிருஷ்ணப்பா செருப்பை விட்டார். கைகூப்பியபடி, எவரும் முன்னில்லாத மண்டபத்தில், வரிசையில் நிற்பவர்போலவே ஒவ்வோர் அடியாக நடந்து உள்ளே போனார். சற்றுநேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பட்டர் சடாரியை அவர் தலையில் வைத்து எடுத்தார்.

வெளியே வருகையில் மூன்றாம் தூணருகே நின்றார். கையிலிருந்த துளசியில் பாதியைக் கிள்ளி, பாடிக்கொண்டிருந்த குணசுந்தரியின் உள்ளங்கையில் வைத்தார்.

“சென்னாகிரு தாயி,” என்று கன்னடத்தில் வாழ்த்தினார். “எல்லாரும் நல்லா இருங்க.”